ஆன்டிபயாடிக் மருந்துகளும் நம் பிள்ளைகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வணக்கம்.

உடல்நலக் குறைவால் தேர்வுக்கு வர இயலாத மாணவர்களுக்கு இந்தப் பருவம் முதல் மறுதேர்வு நடத்துவது என்றும், ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்கு வழங்கிவந்த பரிசை நிறுத்துவது என்றும் ஆசிரியர் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். பார்வைக்கு இவை வருகைப் பதிவேடு சார்ந்த சிறிய மாற்றங்களாகத் தெரியலாம். ஆனால் இவ்விரண்டையும் நாங்கள் எடுத்ததற்குக் காரணம், ஆன்டிபயாடிக் மருந்துகள் தேவையின்றிப் பயன்படுத்தப்படுவது பற்றிய கவலைதான்.

பிள்ளைக்குக் காய்ச்சல், நாளை மறுநாள் தேர்வு என்ற நிலையில், ‘சீக்கிரம் கேட்கிற மாதிரி மருந்து கொடுங்கள்’ என்று மருத்துவரிடம் வற்புறுத்துவதும், சென்ற முறை எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி அதே மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிவிடுவதும் பல வீடுகளில் நடக்கின்றன. அந்த அவசரத்தின் பின்னால் பிள்ளையின் மீதுள்ள அக்கறை மட்டுமே இருக்கிறது என்பதை நான் அறிவேன். அந்த அவசரத்தில் பள்ளியின் பங்கை நாங்கள் குறைத்துவிட்டோம்; மீதியைக் குறைக்க உங்கள் துணை வேண்டும்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவால் வரும் நோய்களை மட்டுமே குணப்படுத்தும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் சளி, மூக்கொழுகல், இருமல், தொண்டை வலி ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸ்களால் வருபவை. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் மட்டுமே 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான். அது பொதுவாக ஏழு முதல் பத்து நாள்களில் தானாகவே தணியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரங்கள் இழுத்துக்கொண்டு போகலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாடிக் தேவை என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், நிறத்தை மட்டும் வைத்து அது பாக்டீரியா தொற்று என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு உறுதியாக வேரூன்றியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சளியும் காய்ச்சலும் மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும்போது நாம் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தொடங்குகிறோம்; ஐந்தாம் நாள் பிள்ளை எழுந்து விளையாடுகிறது. மருந்து கொடுக்காவிட்டாலும் ஐந்தாம் நாள் அது எழுந்திருக்கும் என்றாலும், பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. அடுத்த முறையும் அதே மருந்தைத் தேடுகிறோம், அண்டை வீட்டாருக்கும் அதையே பரிந்துரைக்கிறோம். கண்ணால் கண்ட அனுபவம் என்பதால் இதை மறுத்துப் பேசுவது மருத்துவர்களுக்கே கடினமாக இருக்கிறது.

தேவையில்லாத மருந்து பயன் தராவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன என்று கேட்கலாம். முதல் கெடுதல் பிள்ளையின் உடலுக்கே நேர்கிறது. நம் குடலில் செரிமானத்துக்கு உதவும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. பயிரையும் களையையும் சேர்த்து அழித்துவிட்ட வயலில் களையே முந்திக்கொண்டு முளைப்பதைப்போல, ஆன்டிபயாடிக்கால் அந்த நல்ல பாக்டீரியாக்களும் அழிந்த இடத்தில் தீங்கு செய்யும் கிருமிகள் பெருக வாய்ப்பு உண்டாகிறது. ஆன்டிபயாடிக் எடுக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தோலில் தடிப்பு முதல் மூச்சுத்திணறல் வரை ஒவ்வாமையும் சிலருக்கு வரக்கூடும்.

இரண்டாவது கெடுதல் எல்லாரையும் பாதிப்பது. ஏற்ற சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகின்றன. அவ்வளவு வேகமாகப் பெருகும்போது, மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் பெற்ற ஒன்றிரண்டு தற்செயலாகத் தோன்றிவிடுகின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்றபின், போட்டியில்லாத இடத்தில் இவை மட்டும் பல்கிப் பெருகுகின்றன. இவற்றில் சில மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன, சில உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளுகின்றன. அந்தத் திறனுக்கான மரபணுக்களை, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களின் மூலம் வேறு இன பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றிவிட இவற்றால் முடியும்.

மருந்துக்குப் பழகிப்போவது பிள்ளையின் உடல் அன்று, அதனுள் இருக்கும் பாக்டீரியா என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆகவே, வாழ்நாளில் ஒரு முறைகூட ஆன்டிபயாடிக் எடுக்காத பிள்ளைக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி தொற்றலாம். ஒரே வகுப்பறையில் நெருங்கி அமர்ந்து, ஒரே குழாயைத் திறந்து மூடும் பிள்ளைகள் இருக்கும் இடம் பள்ளி. ஒரு வீட்டில் எடுக்கப்படும் முடிவு வேறொரு வீட்டுப் பிள்ளையைச் சென்றடையும் என்பதால்தான், மருத்துவர் எழுத வேண்டிய கடிதத்தைத் தலைமையாசிரியர் எழுதுகிறேன்.

இந்த ஆபத்து புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1928இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் பென்சிலின் எடுப்பதால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். பென்சிலினுக்குக் கட்டுப்படாத கிருமிகளுக்காக உருவாக்கப்பட்ட மெத்திசிலின் புழக்கத்துக்கு வந்த சிறிது காலத்திலேயே, 1961இல், அதற்கும் அடங்காத கிருமி கண்டறியப்பட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றே நேரடிக் காரணமாக உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக, 2022இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை, குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பு ஆகிய அனைத்தும் வேலை செய்கிற ஆன்டிபயாடிக் கையில் இருக்கிறது என்ற துணிவில்தான் நடக்கின்றன. கால்நடை வளர்ப்பில் இம்மருந்துகள் பெருமளவில் பயன்படுத்தப்படுவதும் இச்சிக்கலுக்கு ஒரு காரணம். ஆயினும் அது இக்கடிதத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, ஆன்டிபயாடிக் என்றாலே வேண்டாம் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. பாக்டீரியாவால் வரும் நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று, டைஃபாய்டு, காசநோய் போன்றவற்றுக்கு அது உயிர்காக்கும் மருந்து. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளே பழுதடையக்கூடும். எது எந்த வகை என்று பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பிள்ளை வேகமாகவோ திணறியோ மூச்சுவிட்டாலும், நீர்கூட அருந்த முடியாமல் சோர்ந்து கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் தெளிவாக விழிக்காவிட்டாலும், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில், சொன்ன நாள்கள் வரை கொடுங்கள். காய்ச்சல் இறங்கியதும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. சில நோய்களுக்கு முன்பு கருதியதைவிடக் குறைந்த நாள்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மைதான். ஆனால் எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பதை வீட்டிலிருந்தபடி நாம் கணக்கிட முடியாது. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்காமல், மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். பிள்ளைகளுக்கான அளவு பெரும்பாலும் உடல் எடையைக் கொண்டே கணக்கிடப்படுவதால், அண்ணனுக்கு எழுதியதைத் தங்கைக்குப் பாதியாக்கிக் கொடுப்பது தவறு. நீர் கலந்து தயாரித்த சிரப்பைக் குறிப்பிட்ட நாள்களுக்குப்பின் வைத்திருக்கக் கூடாது. சமையல் கரண்டியால் அளக்காமல், மருந்தோடு வரும் அளவுக் கோப்பையைப் பயன்படுத்துங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது, ‘இது வைரஸா, பாக்டீரியாவா? ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவையா? இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?’ என்று கேட்கத் தயங்க வேண்டாம். பெற்றோர் ஆன்டிபயாடிக்கை எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள் என்று கருதியே சில மருத்துவர்கள் அதை எழுதிவிடுவதுண்டு. இந்தக் கேள்விகள் அந்தச் சங்கடத்தை நீக்கிவிடும்.

பள்ளி தரப்பிலிருந்து சில ஏற்பாடுகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். மூன்று நாள்கள் வரையிலான உடல்நல விடுப்புக்குப் பெற்றோரின் கடிதமே போதும். மருத்துவச் சான்றிதழுக்காக மட்டும் மருத்துவமனைக்கு அலைய வேண்டியதில்லை. பள்ளி நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், மருந்துச் சீட்டின் நகலோடு, பெயர் ஒட்டிய அசல் பாட்டிலிலோ அட்டையிலோ வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். பிள்ளையின் புத்தகப் பையில் மாத்திரைகளைப் போட்டு அனுப்பாதீர்கள். கழிவறைகளில் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்கிறோம். குறைந்தது 20 விநாடிகள் சோப்பிட்டுக் கை கழுவவும், இருமும்போது முழங்கை மடிப்பால் வாயை மூடவும் வீட்டிலும் பழக்குங்கள். தடுப்பூசிகளில் எதுவும் விடுபட்டிருந்தால் போட்டுவிடுங்கள். நோயே வராதபோது மருந்து பற்றிய கேள்வி எழுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் குறித்த விழிப்புணர்வு வாரத்தைக் கடைப்பிடிக்கிறது. அந்த வாரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடவேளைகளில் பாக்டீரியாவும் வைரஸும் வேறுபடும் விதம் கற்பிக்கப்படும். உங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டியைத் திறந்து கேள்வி கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இக்கடிதத்துடன் ஒரு படிவம் இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்தேனும் ஒவ்வாமையை உண்டாக்கியிருந்தால், அதன் பெயரையும் அப்போது காணப்பட்ட அறிகுறிகளையும் அதில் குறித்து, இம்மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்