அந்தப் பதினொரு பெண்களின் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 9 தென்னாப்பிரிக்க மகளிர் நாளுக்கு நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் தில்லையாடி வள்ளியம்மையை 'வீரமங்கை' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறை.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வீரம் என்றதும் வாளும் குதிரையும்தான் வரைவார்கள். காந்தியின் சத்தியாகிரகத்தில் தாய் மங்களத்தோடு சிறைக்குப் போய், காய்ச்சலோடு திரும்பி, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் ஜோஹானஸ்பர்க்கில் கண்மூடிய பெண்ணை அந்தப் படத்தில் எங்கே வரைவது?

எனக்குப் பிடித்த சொல் துணிவு. துணிவது என்றால் முடிவெடுப்பது. 'எண்ணித் துணிக கருமம்' என்றாரே வள்ளுவர், அதேதான். 1913-இல் அதே போராட்டத்தில் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நேட்டால் மாகாணத்துக்குள் நுழைந்த பதினொரு பெண்களும் எண்ணித்தான் துணிந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேரிடம் கைக்குழந்தை, ஒருவர் கர்ப்பிணி. சிறைச் சாப்பாடு, துணி துவைக்கும் வேலை, காவலர்களின் ஏச்சு எல்லாவற்றையும் காந்தி முன்கூட்டியே எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் கிளம்பினார்கள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் இங்கே செல்லாது என்று அந்த மார்ச்சில் தீர்ப்பு வந்திருந்தது. தாலி கட்டிய மனைவியை வைப்பாட்டி என்று சட்டம் சொன்னால் எந்தப் பெண் பொறுப்பாள்? நேட்டாலில் உள்ள நியூகாசிலுக்குப் போய், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள் மீது போட்டிருந்த மூன்று பவுண்ட் வரியைப் பற்றி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியது. அவர்களுக்குக் கிடைத்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதம்.

துணிவு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னொரு முகமும் இருக்கிறது. என் மாமா தனியாக ஊர்விட்டுப் போனபோது 'தைரியசாலி' என்றார்கள். சித்தி டர்பனில் தையல் ஆலை வேலைக்குக் கிளம்பியபோது அதே வாய்கள் 'துணிஞ்ச கட்டை' என்றன. ஆயா (பாட்டி) மட்டும் ஒன்றும் சொல்லாமல் சித்திக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். ஆணுக்குப் பட்டம், பெண்ணுக்கு ஏச்சு. என் வகுப்புப் பெண் பிள்ளைகள் இன்றைக்கும் அதைக் கேட்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கைக்குழந்தையோடு ஜெயிலுக்குக் கிளம்பியவர்களை அன்று அண்டை அயலார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம் பெயர் விஷயம். வரலாற்றுப் பட்டியலில் அவர்களில் பலர் திருமதி தம்பி நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி என். பிள்ளை என்றே நிற்கிறார்கள். எல்லாம் கணவர் பெயர். தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள் என்று நமக்குத் தெரிகிறது. மற்றவர்களின் பெயரையும் அப்படியே அச்சில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இங்கே நம் மக்கள் வாழும் லெனேசியாவிலும் பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் அந்தக் காலத்துச் சிறைக் கதைகளைப் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இருக்கும்.

உங்கள் பத்திரிகையில் அதற்கு ஒரு சிறு பகுதி ஒதுக்குங்கள். பெயர், பிறந்த வீடு, எந்தச் சிறை, எத்தனை மாதம் என்று குடும்பத்தார் எழுதி அனுப்பட்டும். படம் இருந்தால் படமும் போடுங்கள். என் மாணவர்களை வீட்டில் விசாரித்து எழுதி வரச் சொல்கிறேன். முதல் கடிதங்களை நானே சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.