மலைக்குப் புறப்படும் மகளுக்கு, திருவையாற்றிலிருந்து

அன்பு மகள் மங்கைக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல்.

ஆனி மாதக் கடைசியில் நீங்கள் இருவரும் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஜான் மியூர் பாதை முழுவதையும் முதுகில் மூட்டையுடன் நடக்கப் போவதாகவும், அதற்கான அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டதாகவும் நீ சொன்னதிலிருந்து, அதைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தில் முடியும் அந்த 340 கிலோமீட்டர் வழியில், ஏற்றங்களை மட்டும் கூட்டினாலே ஏறக்குறைய 14,000 மீட்டர் வருகிறது. நம் பக்கத்தில் மலை என்றால் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, அறுபது படிகள். எனவே மலையேறுவது எப்படி என்று உனக்கு நான் சொல்லப் புறப்பட்டால் அம்மாவே சிரிப்பாள். ஆனால் உத்தியோக காலம் முழுவதையும் மதகுகளின் மீது நின்று கழித்தவன் என்பதால், ஆற்றைப் பற்றிச் சிலவற்றையும், இருவராக நெடுந்தூரம் நடப்பதைப் பற்றிச் சிலவற்றையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நம் காவிரியில் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும்; அது எப்போது வரும் என்பது கரையோர ஊர்களுக்கெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். சியராவில் ஓடுவதோ பனி உருகிய நீர். பகல் வெயிலில் உருகியது பிற்பகலிலும் மாலையிலும் பெருகி வரும். இரவுக் குளிரில் உருகுவது குறைந்து, விடியற்காலையில் ஓடை மிகத் தணிந்திருக்கும். ஆகவே பெரிய ஓடை எதிர்ப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் அதன் இக்கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்கி, காலையில் கடப்பதுதான் முறை. பனி மிகுதியாகப் பெய்திருந்த 2017ஆம் ஆண்டில், அந்த மலையில் நெடும்பாதை நடந்தவர்களில் இருவர் ஓடைகளைக் கடக்கையில் உயிரிழந்தனர். புஷ்ய மண்டபத் துறையில் நீந்தப் பழகியவள் நீ என்பது எனக்குத் தெரியும். அந்தத் துணிவு அங்கே செல்லாது. பனிநீரில் சில நிமிடங்களிலேயே கைகால்கள் மரத்துப்போகும். பாறைகளுக்கிடையே விழுந்து ஓடும் நீரில் நீச்சலுக்கு இடமே இல்லை.

குறுகிய இடத்தில் தாண்டிவிடலாம் என்று தோன்றும். குறுகும் இடத்தில்தான் நீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும் என்பது வாய்க்கால் பார்த்து வளர்ந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதை ஓடையில் இறங்கும் இடமே கடப்பதற்கு நல்ல இடம் என்றும் நம்பிவிடாதே. எவல்யூஷன் க்ரீக் என்ற ஓடையில் நீர் கூடுதலாக இருக்கும்போது, சற்று மேலே புல்வெளிப் பக்கமாகப் போய், அகன்று மெதுவாக ஓடும் இடத்தில் கடப்பதே பலருடைய வழக்கம் என்று படித்தேன். காலணியைக் கழற்றாதே. மூட்டையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டே இறங்கு. விழுந்தால் மூட்டையை உதற முடிய வேண்டும். கயிற்றால் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ள வேண்டாம், நீரில் கயிறு ஆளை அமுக்கிவிடும். உடல் கனத்தவர் மேல்பக்கம் நின்று நீரின் வேகத்தை வாங்க, மற்றவர் அவருக்குப் பின்னால் அவருடைய மூட்டையைப் பற்றிக்கொண்டு நகரலாம். இறங்கும் முன் கீழ்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார். அருவியோ விழுந்த மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

இனி நடை. சித்திரைத் தேருக்குச் சமயபுரம் நோக்கி நம் சாலையில் நடந்து போகும் தம்பதிகளைப் பார்த்திருப்பாய். கணவர் எப்போதும் பத்தடி முன்னால் போவார். போகட்டும், அங்கே வழிநெடுக நீர்மோர்ப் பந்தல் இருக்கிறது. மலையில் வேகமாக நடப்பவர் முன்னே போய் நின்று காத்திருப்பார். மெதுவாக நடப்பவர் வந்து சேர்ந்ததும் அவர் உடனே கிளம்பிவிடுவார். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். அது நீயாக இருந்தாலும் சரி, மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி.

இருவராகப் போவதில் ஒரு கூடாரம், ஓர் அடுப்பு, ஒரு நீர் வடிகட்டி என்று சுமை குறைவது உண்மைதான். ஆனால் பொதுப் பொருள்களைப் பிரிக்கும்போது, தவறிப் பிரிந்துவிட்டால் ஒருவரிடம் அடுப்பும் மற்றவரிடம் தீப்பெட்டியும் இருக்கும்படி பிரித்துவிடாதீர்கள். வரைபடம், விளக்கு, மழைச்சட்டை, விசில், ஒரு நாள் உணவு ஆகியவை ஆளுக்கொன்று இருக்கட்டும். வடிகட்டியை இரவில் உறையவிடாமல் படுக்கைக்குள் வைத்துக்கொள். உறைந்தால் அதன் நுண்குழல்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

உணவு பற்றி அம்மாவுக்குத்தான் கவலை. 3,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 89 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், அங்கே பொன்னி அரிசியை வேகவைத்து எரிவாயுவை வீணாக்க வேண்டாம் என்று சொல்லி அவளை அவலுக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். புளியோதரைப் பொடி தயாராகிறது. அது மணக்கும், பற்பசை உட்பட மணக்கும் எல்லாவற்றையும் கரடி திறக்க முடியாத அந்த டப்பாவுக்குள் அடக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

உயரத்தால் வரும் நோயில் தலைவலியும் குமட்டலும் தொடக்கம். அது முற்றி மூளையைத் தொடும்போது நடை தள்ளாடும், பேச்சு குழறும்; அப்போது தனக்கு ஒன்றுமில்லை என்றே அந்த ஆள் சொல்வார். கோட்டில் நடப்பதுபோல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியவர் துணையாக இருப்பவரே. தள்ளாடினால் இரவென்றும் பாராமல் இறங்கிவிட வேண்டும்.

நான் இக்கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மியூர் ட்ரெயில் ராஞ்ச் என்ற தங்குமிடம் பாதி வழியில் இருக்கிறது. அங்கே உணவை நிரப்பிக்கொண்டு கிளம்பும் நாளில்தான் மூட்டை மிகக் கனமாக இருக்கும், உயரமான கணவாய்களும் அதற்குப் பிறகுதான் வரும். இருவருக்குள் வாக்குவாதம் வருமானால் அங்கே வரும். எனவே வீட்டில் வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும் இப்போதே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இருவரில் யார் திரும்பலாம் என்று சொன்னாலும் இருவரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, பிறகு வீட்டில் அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவர் என்பதால், அவர் சொல்வதற்கு நீயே இடம் கொடு. பிஷப் கணவாய் வழியாகச் சவுத் லேக்குக்கும், கியர்சார்ஜ் கணவாய் வழியாக ஆனியன் வேலி என்ற பள்ளத்தாக்குக்கும் இறங்கி வெளியேறலாம். அவ்விரண்டையும் வரைபடத்தில் இப்போதே குறித்து வையுங்கள்.

எந்த இரவு எங்கே தங்குவதாகத் திட்டம் என்ற தாளின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பு. செயற்கைக்கோள் கருவியிலிருந்து ஓர் இரவு செய்தி வராவிட்டால் நாங்கள் யாரையும் அழைக்க மாட்டோம். எத்தனை இரவு வராவிட்டால் எந்த எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடு. புளியோதரைப் பொடியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அம்மா கேட்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா