எழும்பூர் செப்புத் திருமேனிகளை இணையத்தில் காட்டப்போகிறவர்களுக்கு

தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஓர் இடத்தை எல்லாத் திசையிலும் படம்பிடித்து, இணையத்தில் உள்ளே நடந்து பார்ப்பதுபோல் தொகுக்கும் 360 டிகிரி உலாக்கள்தான் என் பிழைப்பு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் புதிதாக மெய்நிகர் உலா செய்தாலும் சரி, இருப்பதை மேம்படுத்தினாலும் சரி, டெண்டர் எழுதும் முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

இந்த மாதிரி டெண்டர்களில் பெரும்பாலும் இத்தனை அறை, இத்தனை படம், இத்தனை மாதம் என்றுதான் இருக்கும். கேட்டது அப்படியே கிடைக்கும். தரை, கதவு, மின்விசிறி, தீயணைப்புக் கருவி எல்லாம் துல்லியமாகத் தெரியும். பார்க்க வந்த சிலை மட்டும் எங்கோ ஓரமாக நிற்கும். கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவது இரண்டாம்பட்சம். பார்ப்பவரைத் திருமேனியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை எடுத்துக்கொள்வோம். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. வலப்புறம் இரண்டு கை, இடப்புறம் ஒன்றே ஒன்று. அந்த இடுப்பின் நெளிவு நேரே நின்று பார்த்தால் பாதிதான் பிடிபடும். மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, பின்னால் போய் முதுகையும் பார்க்க வேண்டும். 360 கேமராவோ முக்காலி மேல் நின்றுகொண்டு தன்னைச் சுற்றித்தான் பார்க்கும், சிலையைச் சுற்றிப் பார்க்காது. அதனால் முக்கியமான பத்துப் பதினைந்து திருமேனிகளையாவது தனித்தனியே எல்லாக் கோணத்திலும் எடுத்து, விரலால் திருப்பிப் பார்க்கும்படி முப்பரிமாணத்தில் செய்ய வேண்டும். இது சுலபமான வேலையில்லை. கேமரா நகர நகர உலோகத்தின் மேல் விழும் ஒளித்திட்டும் கூடவே நகரும், படங்களைச் சேர்த்து உருவத்தைக் கட்டும் மென்பொருள் குழம்பிப்போகும். நடுவில் கண்ணாடி வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம், படம் எடுப்பவரின் சட்டைதான் தெரியும். பெட்டியைத் திறக்க அனுமதி, பக்கத்தில் உங்கள் வேதிப் பாதுகாப்புப் பிரிவினர், பார்வையாளர் இல்லாத வெள்ளிக்கிழமைகள். இவற்றை டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் விவரப் பலகைகள். 8கே என்று சொல்லப்படும் 360 படத்தின் அகலம் 7680 பிக்சல். அதை 360 டிகிரிக்குப் பங்கிட்டால் டிகிரிக்கு 21 பிக்சல்தான். 3 மீட்டர் தள்ளியிருக்கும் பலகையில் 1 செ.மீ. உயர எழுத்து இருந்தால் அதன் பங்குக்கு வருவது நான்கே பிக்சல். நான்கு பிக்சலில் ணகரமும் னகரமும் ஒரே கறைதான். இன்னும் நல்ல கேமரா வாங்கினால் ஓரளவு சரியாகும் என்பது உண்மை. ஆனால் பலகையில் உள்ளதைத் தமிழில் தட்டச்சு செய்து தொட்டால் திறக்கும்படி வைப்பது அதைவிட மலிவு; தேடினால் கிடைக்கவும் செய்யும், பார்வையற்றவர்களுக்குப் போன் வாசித்தும் காட்டும்.

படத்தை வைத்து என்ன பெரிதாகப் பார்த்துவிட முடியும் என்று யாராவது கேட்டால், ரோடினைச் சொல்லுங்கள். உங்கள் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி எழுதிய அந்தப் பிரெஞ்சுச் சிற்பி சென்னைக்கு வந்ததே இல்லை. புகைப்படங்களை முன்னால் வைத்துக்கொண்டு, நேர்ப்பார்வை, பக்கவாட்டு என்று கோணம் கோணமாக எழுதினார். அவர் மறைந்த பிறகு 1921இல் அது அச்சானது. அவர் கையில் இருந்தவை வெறும் கறுப்பு வெள்ளைப் படங்கள். கூடத்தின் கதவோ தரையோ அவருக்குத் தேவைப்படவில்லை.

தயவுசெய்து தானாக ஒலிக்கும் வீணை இசை வேண்டாம். பேருந்தில் போனைத் திறப்பவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மூலக் கோப்புகள் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உலாவியில் அசையும் படங்களைக் காட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்த உலாக்கள் எத்தனையோ, 2020 முடிவில் அடோபி அதைக் கைவிட்டதும் திறக்காமல் போயின. மூலப் படங்களைச் சேமித்து வைத்தவர்கள் மறுபடி கட்டிக்கொண்டார்கள். ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பரில் தீக்கிரையானது. அதற்கு முன்பே கூகுள் உள்ளே போய் எடுத்து வைத்திருந்த படங்களைக் கொண்டுதான் அதே டிசம்பரில் அந்தக் கூடங்களை இணையத்தில் திறந்தார்கள். நமக்கு அப்படி எதுவும் நேர வேண்டாம். ஆனாலும் சுருக்காத படங்கள், முப்பரிமாணக் கோப்புகள் எல்லாம் துறையின் கையில், இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். ஒப்பந்தக்காரரின் சர்வரில் மட்டும் இருந்தால், சந்தா நின்ற அன்றே உலாவும் நின்றுவிடும்.

ஒரே மூச்சில் மொத்தக் கூடத்துக்கும் வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரே ஒரு திருமேனியை முடித்துத் தரச் சொல்லுங்கள். அதை எட்டாயிரம் ரூபாய் போனில், சாதாரண டேட்டாவில், உங்கள் அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத சிலரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் எப்படிப் போவது என்று அவர்கள் யாரையும் கேட்காமல் கண்டுபிடித்தால் முதல் தவணையை விடுவிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு 360 படப்பிடிப்பாளர்