பிடியரிசியும் பெயர்ப் பட்டியலும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் ஸ்தோத்திரம் சொன்னேன். இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டு முடங்கிக் கிடக்கிறது.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். சண்டை போடுகிறோம், வேறென்ன! ஸ்தோத்திரக் காணிக்கை ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசித்தார்கள். ஐயாயிரம், இரண்டாயிரம் என்று போன பட்டியலில், எங்கள் தெருவிலிருந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவளின் பெயரும் வந்தது. இருபது ரூபாய். எனக்கு முந்தின பெஞ்சில்தான் இருந்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள். பாட்டெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "மழை விடட்டும் டீச்சர், நூறாக்கிட்டு வாறேன்" என்றாள். என்ன சொல்வது? கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பெயர் வாசிக்காவிட்டால் காணிக்கை வசூல் குறைந்துவிடும் என்கிறார் செயலாளர் அம்மா. அதில் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

நம் அம்மாமார் பிடியரிசி எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உலையில் போடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி தனிப் பானைக்குப் போய்விடும். பிறகு எல்லார் வீட்டு அரிசியும் கோயிலில் ஒரே சாக்கில் விழும். ரேஷன் அரிசியும் நல்ல அரிசியும் கலந்துவிட்டால் எந்தப் பிடி யார் வீட்டுப் பிடி என்று யார் கண்டது? பணப்பெட்டிச் சாவி ஆண்கள் இடுப்பில் இருந்த காலம். யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் எடுத்துக் கொடுக்க முடிந்தது அரிசிப் பானையிலிருந்து மட்டும்தான். அந்தக் காலத்தில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த பிறகுதான் நம் பக்கத்துப் பெண்கள் சிலர் கையிலாவது சொந்தக் காசு புழங்கியது.

சாந்தி சாலமனைப் பற்றியும் கூட்டத்தில் சொன்னேன். நம் நாட்டுப் பெண்தான். 1956-இல் ஒரு பெண்கள் குழுவோடு ஆசிய நாடுகளுக்குப் போனவருக்குக் கொரியாவுக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. மணிலாவில் தங்க வேண்டியதாயிற்று. அங்கேதான் அந்த யோசனை பிறந்தது. நமக்கு யார்மேல் மனத்தாங்கலோ அவர்களுக்காக ஜெபிக்கும்போதெல்லாம், அவரவர் நாட்டின் ஆகச் சிறிய நாணயம் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். பணக்காரியானாலும் அதே காசு, கூலிக்காரியானாலும் அதே காசு. நமக்கு இப்போது அது ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளலாம். 25 பைசா 2011-லேயே செல்லாமல் போயிற்று, 50 பைசாவைக் கடைக்காரன் கையால் தொடமாட்டான். (மனத்தாங்கலுக்கு ஒரு ரூபாய் என்றால், எங்கள் கமிட்டியிலேயே நல்ல வசூல் ஆகும்.)

காணிக்கைக் கவரில் பெயர் வேண்டாம், மொத்தத் தொகையை மட்டும் வாசித்தால் போதும் என்று கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் என் பக்கம். உடனே ஒரு சின்னப் பிள்ளை எழுந்து, ஜிபே வைத்துவிடலாமே என்றது. அந்த ஸ்பீக்கர் பெட்டி தொகையை ஊருக்கே கேட்கக் கத்துமே பிள்ளே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், செயலாளர் அம்மாவைத் தவிர.

இரண்டாம் சனிக்கிழமை மறுபடி பேச்சு. உங்கள் சபையில் பெயர் வாசிக்கிற வழக்கம் உண்டா? அதற்கு முன்னால் எழுது, எனக்குச் சாட்சி வேண்டும். கோயில் அசன விருந்துக்கு வருவதானால் அதையும் சொல்லிவிடு, ஏத்தங்காய் வத்தல் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி