செயலாளர் ஆண்டறிக்கை 2023: அபர்தாரான் சங்கம், லின் தீபகற்பம், வேல்ஸ்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் வரும். அவர்கள் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பாதி விஷயம் அவர்களைப் பற்றியதுதான்.

வழக்கமான நிகழ்ச்சிகள் குறையின்றி நடந்தன. ஜனவரி 25, வேல்ஸின் காதலர் நாளான புனித துய்ன்வென் நாளில் கவிதை மாலை. மார்ச் 1, புனித டேவிட் நாள் விருந்து. கவுல் சூப் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. மே மாதம் கடற்கரையைச் சுத்தம் செய்தோம். பிப்ரவரியில் நம் கரைக்கு எதிரே உள்ள என்லித் தீவு, செயற்கை வெளிச்சம் கெடுக்காத இரவு வானத்துக்காக ஐரோப்பாவின் முதல் இருள்வானச் சரணாலயமாக அங்கீகாரம் பெற்றதை ஒட்டி, இரவில் நட்சத்திரம் பார்க்கக் கூடினோம். மேகம் விடவில்லை. ஆகஸ்டில் தேசிய ஐஸ்டெத்வொட் என்ற வெல்ஷ் மொழிக் கலை இலக்கிய விழா நம் தீபகற்பத்திலேயே, போடியானில் நடந்தது. இதே லின் மண்ணில் வளர்ந்த ஆலன் லுய்ட் கவிதைக்கான பரிசான நாற்காலியை வென்றபோது கைதட்டியவர்களில் நம்மவர்கள் பலர் இருந்தோம். அது எல்லோருக்கும் தெரிந்த சந்தோஷம்.

இனி, மாதாந்திர வெல்ஷ் நடை, அதாவது வெல்ஷ் மொழியில் பேசிக்கொண்டே போகும் நடை பற்றி. இதை நான் தொடங்கியதும், முழுக்க வெல்ஷில்தான் நடத்துவேன் என்று சொன்னதும் சிலருக்குப் பிடிக்கவில்லை. வெளியூர்க்காரர்களை விரட்டுகிறேன் என்று செயற்குழுவிலேயே சொன்னார்கள். அதற்கு இங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசுவோர் 17.8 சதவீதம், 2011இல் 19 சதவீதமாக இருந்தது. நம் க்வினெத் மாவட்டத்தில் 65.4 சதவீதம் 64.4 ஆகியிருக்கிறது. 2050க்குள் வெல்ஷ் பேசுவோர் பத்து லட்சம் பேர் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு. இலக்கு இருக்கட்டும், நாம் என்ன செய்கிறோம்? பத்துப் பேர் வெல்ஷில் பேசிக்கொண்டிருக்கும்போது ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து நின்றால் பத்துப் பேரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது கதவைச் சாத்துவது போல.

ஜூன் நடையில் வந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். மான்செஸ்டர் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். நாண்ட் குர்த்தெய்ர்ன் மையத்தில் ஒரு வாரம் படித்துவிட்டு வந்திருந்தார். ஆள் இல்லாமல் போன குவாரி கிராமத்தை 1978இல் ஒரு அறக்கட்டளை வாங்கி மொழிப் பள்ளியாக்கிய இடம் அது. வெல்ஷில் சொல்லின் முதலெழுத்தே மாறி, பாங்கோர் என்ற ஊரே ‘பாங்கோரில்’ என்று சொல்லும்போது ‘மாங்கோர்’ ஆகிவிடுகிறதே என்று முதல் அரை மணி நேரம் தயங்கித் தயங்கித்தான் பேசினார். அப்புறம் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வரப்பில் ஊதாப் பூங்கொத்து ஒன்றைக் கண்டு நின்றார். ஒரு பூவுக்குள் விரலை நுழைத்து, “பசெத் அ கூன்” என்றார். நாயின் விரல்கள். அதன் பிறகு வாய் மூடவில்லை. டெய்சி ‘பகலின் கண்’, சீல் ‘கடற்கன்று’, பாறை விளிம்பில் பூக்கும் இளஞ்சிவப்புப் பூ ‘மரியாளின் தலையணை’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். விரட்டுகிறேனா நான்?

செங்கால் காகத்தையும் அன்று பார்த்தோம். சிவந்த அலகும் சிவந்த காலுமாக மூன்று, மினித் மாவுர் குன்றின் சரிவில் பூச்சி கொத்திக்கொண்டிருந்தன. ஆடு மேய்ந்து புல் குட்டையாக இருந்தால்தான் அதற்கு இரை கிடைக்கும். மேய்க்கிற குடும்பம் ஊரை விட்டுப் போனால் அந்தப் பறவைக்கும் இடமில்லை, வயல்களின் பெயர்களைச் சொல்லவும் ஆளில்லை. நடையையும், வயல், பாறை, துறை ஆகியவற்றின் பெயர்களைச் சேகரிக்கும் பெயர்த் திரட்டையும் நான் ஒன்றாக நடத்துவது இதனால்தான்.

அந்தத் திரட்டுக்காக ஒலிப்பதிவுக் கருவி வாங்கியது உண்மை. குழுவின் ஒப்புதலுக்கு முன்பே வாங்கியதும் உண்மை. காரணத்தைக் கேளுங்கள். போர்த் மெய்துய் துறையில் சிங்கி இறால் பிடித்த பெரியவர் ஒருவர், வயது 86, “இந்த வாரம் வா” என்றார். போனேன். படகை இழுக்கும் டிராக்டரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு பாறையைக் காட்டி இதன் பெயர் என்ன என்று கேட்டால் அவருக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, துறையிலிருந்து படகு புறப்படுவது போல முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். குகை, கல், கடலுக்குள் நீளும் மூக்கு, துறை என்று வரிசையாக வந்தன. நடுவில் பேத்தி தேநீர் கொண்டுவந்தாள், வரிசை அறுந்தது. மறுபடி துறையிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. கரையில் நிற்கிறவர்களுக்கு மைன் மெலின், அந்த மஞ்சள் கல், ஒரு பாறை. அவருக்கு அது படகிலிருந்து பார்த்து வைத்துக்கொள்ளும் அடையாளம். அன்று கிடைத்த பெயர்களில் பல என் கையிலுள்ள வரைபடத்தில் இல்லை.

அக்டோபரில் இரண்டாவது அமர்வு. வருகிறேன் என்று ஐந்து பேர் சொன்னீர்கள். எனக்குக் கார் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒருவரும் வரவில்லை. பெரியவர் கோட்டு மாட்டிக்கொண்டு மதியம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தாராம். பேத்தி சொன்னபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை, வராதவர்களுக்குத் தெரியும்.

சந்தா பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 10 பவுண்ட். பாதிப் பேருக்கு மேல் நிலுவை, சிலர் இரண்டாவது ஆண்டாக. கிறிஸ்துமஸ் தேநீருக்கு மண்டபம் நிறைகிறது, சந்தா நோட்டு நிறைவதில்லை. வசதி இல்லாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வசதி இருப்பவர்கள் தாமதிப்பதுதான் வருத்தம்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. மண்டப வாடகையும் தபால் செலவும் கூடின. பழைய கையிருப்பில் கொஞ்சம் எடுத்தோம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுவார்.

தலைவருக்கும் பொருளாளருக்கும், தேநீர்க் குழுவுக்கும், மண்டபச் சாவியைக் கொடுத்து உதவும் குடும்பத்துக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராகத் தொடரச் சொல்கிறீர்கள். செய்கிறேன். ஆனால் தனியாக முடியாது. கார் ஓட்ட ஒருவர், பெயர்களை எழுத இரண்டு பேர் வேண்டும். வெல்ஷ் சரளமாக வர வேண்டும் என்பதில்லை, காது கொடுத்துக் கேட்டால் போதும். பெரியவரிடம் மறுபடி பேசிவிட்டேன். பிப்ரவரி முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி, போர்த் மெய்துய். ஒன்பதரைக்கு மண்டப வாசலில் நிற்பேன்.

செயலாளர்