வாய்க்கால்

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

பெரியண்ணனுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. போன மாதம் விடியற்காலையில், வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் மண்வெட்டியை ஊன்றியபடி வரம்பில் குந்திவிட்டார். சேர்ட் தொப்பலாக நனைந்திருந்தது. இடது கை உளைகிறது என்றார். வாய்வுதான் என்று வேர்க்கொம்புத் தண்ணீர் குடித்து இரண்டு மணித்தியாலத்தைப் போக்கினார். தேரடியில் கால் நசுங்கிய அன்று பிடித்த அதே பிடிவாதம்! அமெரிக்க மிஷனில் இருந்து வந்த கிறீன் வைத்தியர் இங்கே மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து நூற்றைம்பது வருடமாகிறது. நாங்கள் இன்னும் நெஞ்சு நோவுக்கு வேர்க்கொம்பு அவிக்கிறோம். எனக்குக் கோபம் ஆறவில்லை.

பெரியாஸ்பத்திரியில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஏற்றினார்கள். தப்பிவிட்டார்.

மறுநாள் டொக்டர் ஒரு தாளில் இதயத்தைக் கீறிக் காட்டினார். வலப்பக்கம் நுரையீரலுக்கு, இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும்; ஓய்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர். இவ்வளவும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால், அத்தனை இரத்தம் உள்ளே ஓடியும் இதயத்தின் தசை அதைக் கொண்டு பசியாறுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. பெருநாடி தொடங்கும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே பிரியும் இரண்டு சிறு நாடிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. இடப்பக்கத் தசை இறுகும்போது தனக்குள் ஓடும் குழாய்களையே நெரித்துவிடுகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே தளர்கிற அந்தச் சொற்ப நேரத்தில்தான் பெரும்பாலும் அதற்கு இரத்தம் பாய்கிறது. ஊருக்கெல்லாம் இறைக்கிற கிணற்றுக்காரனின் சொந்தப் பாத்திக்கு ஒரு ஒடுங்கிய வாய்க்கால், மச்சான். அண்ணனுக்கு அடைத்தது அது. வாடிய வெங்காயம் மறுநாள் தண்ணீர் கண்டால் நிமிரும். செத்த இதயத்தசை தழும்பாகிப் போகிறது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எவ்வளவு செத்ததோ என்று நினைத்தால் நித்திரை வருவதில்லை.

நீ பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டாயாம், தங்கச்சி சொன்னாள். அழுத்தம் கூடினால் இடது அறை ஒவ்வொரு துடிப்பிலும் முக்கித் தள்ள வேண்டும். நாளடைவில் சுவர் தடிக்கும். தடித்த சுவர் கூடுதல் இரத்தம் கேட்கும். வாய்க்காலோ பழைய வாய்க்கால்தான். தலையிடி இல்லை என்று சாட்டுச் சொல்லாதே. அண்ணனுக்கும் முதல்நாள் இரவு வரை ஒன்றும் இருக்கவில்லை. நாளைக்கே அளந்து, மேல் இலக்கத்தையும் கீழ் இலக்கத்தையும் எழுதி அனுப்பு.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, மேற்குப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறியாயிற்றா என்று நாளுக்கு நாலு தரம் கேட்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்