கண் கவிழ்ந்திருந்த நாட்களில் எனக்காகப் படித்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

“இப்ப என்ன படிக்கிறீங்க, என்ன பார்க்கிறீங்க?” என்று போனில் கேட்ட நண்பர்களுக்கு இரண்டு மாதமாக நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. விழித்திரை விலகி, திருச்சியில் அறுவை முடிந்து, கும்பகோணத்து வீட்டில் குப்புறக் கிடந்தேன். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தார்கள். அது மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதனால் சோறு தின்னும்போதும் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். முதலில் போன கண்ணாடிக் கடையில் “பவர் மாறியிருக்கு சார்” என்று சொல்லி அனுப்பியதில் நான்கு நாள் வீணானது தனிக் கதை. இப்போது பார்வை திரும்பிவிட்டது. நானே உட்கார்ந்து எழுதுகிற முதல் கடிதம் இது.

மாடி வீட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணே, முதல் நன்றி உனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து டியூஷனுக்குக் கிளம்புவதற்குள் கிடைத்த நேரத்தில் உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கையை எழுதிய ‘என் சரித்திர’த்தை எனக்கு வாசித்தாய். “தமிழ்த் தாத்தாவை இந்தத் தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டிட்டு வரேன்” என்று உன் அம்மாவிடம் நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. செய்யுள் வந்தால் தாண்டி ஓடப் பார்ப்பாய், நான் விடமாட்டேன். சீர் பிரித்து நாலு தடவை படித்தால் பொருள் உனக்கே பிடிபட்டுவிடும்.

அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண் ஓடிய வேகத்தில் எவ்வளவோ உதிர்ந்துபோயிருக்கிறது. 1880ல் இதே கும்பகோணத்துக்கு முன்சீப் நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க ஐயர் போகிற இடத்தைச் சொல்கிறேன். என்னென்ன படித்தீர்கள் என்று அவர் கேட்கிறார். கல்லூரியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஐயர், அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார், அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பயன், பழங்காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தப் பட்டியலை நீ மூச்சுத் திணறத் திணற வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது: அது அவ்வளவு நீளமாக இருப்பதால்தான் முதலியாரின் கேள்வி அப்படிச் சுரீரென்று படுகிறது. இதற்கு முன் இரண்டு முறையும் ‘பட்டியல்தானே’ என்று பக்கத்தைத் திருப்பியிருப்பேன். 1887ல் ஐயர் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்ததைச் சொன்னதும் நீ கேட்டாய்: “என்ன படிச்சீங்கன்னு ஒருத்தர் கேட்டதுக்கு ஏழு வருஷமா பதில் சொன்னாரா தாத்தா?” அதற்கு மேல் அன்றைக்கு நான் எதுவும் விளக்கவில்லை.

அந்தப் புத்தகத்தைத் தந்த கிளை நூலகர் ஐயாவுக்கு: கெடு தாண்டிய புத்தகத்தை இரண்டு முறை நீங்களே புதுப்பித்துவிட்டு, ஆள் மூலம் “அவசரமில்லை” என்று சொல்லி அனுப்பினீர்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டும்போதெல்லாம் முணுமுணுத்த ஆள் நான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு முறையும் திருச்சிக்குக் கார் ஓட்டிய தம்பிக்கு: வேகத்தடை வரும் முன்பே “சார், பிடிச்சுக்குங்க” என்று சொன்னதற்கு நன்றி. வழியெல்லாம் இளையராஜா ஓடியது. “பாட்டை விடுங்க, பேஸ் கிடார் எங்க போகுதுன்னு மட்டும் பின்னாடியே போங்க” என்று நீங்கள் சொல்லித்தந்தபடி போனதில் தஞ்சாவூர் தாண்டியதே தெரியவில்லை.

அப்புறம் என் வீட்டுக்காரி. பொதுவில் நன்றி சொன்னால் திட்டுவாள், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் ‘தில்லானா மோகனாம்பாள்’. அவள் பார்த்தாள், நான் தலையணையில் நெற்றியை வைத்துக் கேட்டேன். 1968லிருந்து எத்தனை தடவை பார்த்த படம்! சிவாஜியின் கன்னம் துடிப்பதையும் கண் சுழல்வதையும் பார்த்துப் பார்த்து, நாகஸ்வரத்தையே அவர்தான் வாசிக்கிறார் என்று மனது நம்பிவிட்டிருந்தது. பார்க்க முடியாதபோது சிவாஜி போய்விட்டார். மதுரை எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும் அந்தச் சின்ன அறைக்குள் வந்து உட்கார்ந்து வாசித்தார்கள். ‘நலந்தானா’வில் சுசீலா நிறுத்துகிற இடத்தில் நாகஸ்வரம் எவ்வளவு மெதுவாகக் கைதூக்கிவிடுகிறது! முடிந்ததும் “பத்மினி அழுதாங்களா?” என்று கேட்டேன். “நீங்க அழுதீங்க, கண்ணுக்கு ஆகாது, துடைச்சுக்குங்க” என்றாள்.

பிறகு வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. தச்சரின் ரசமட்டம் மாதிரி ஒரு கோடு பார்வைக்குள் ஆடிக்கொண்டே தாழ்ந்து, கடைசியில் ஒரு கடுகு அளவுக் குமிழியாகி ஒரு காலையில் காணாமல் போனது. ஏறக்குறைய அதே வாரத்தில் புத்தகமும் முடிந்தது. அதை முடிந்தது என்று எப்படிச் சொல்வது? 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே, 1942 ஏப்ரலில் ஐயர் காலமாகிவிட்டார். 122ஆம் அத்தியாயத்தோடு நிற்கிறது. மாடி வீட்டுப் பெண்ணே, நீ பின்னட்டை வரை புரட்டிப் பார்த்துவிட்டு, “மிச்சம் எங்க?” என்று என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தாய்.

நூலகர் ஐயா, ஐயரின் மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ உங்கள் அலமாரியில் இருந்தால் என் பேரில் எடுத்து வையுங்கள். மாடி வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும். இந்த முறை நான் மாடியேறிப் போய்ப் படித்துக் காட்டுவதாகப் பேச்சு.